மழை பெய்யவில்லையா, பார்க்கவில்லையா?

கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஆறு மாதமாக எங்கள் ஆபீஸில் 'டேட்டா கான்ட்ராக்ட்' என்று மீட்டிங் மேல் மீட்டிங். டேட்டாவைக் கொடுக்கிற டீமும் வாங்குகிற டீமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் டேட்டா சுத்தமாகிவிடுமாம். கையெழுத்துப் போட்டால் பால் கெட்டியாகிவிடுமா சார்?"

ஆகாது. ஆனால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பாலைக் கெட்டியாக வைத்திருப்பது ஊற்றுகிற இடத்திலேயே இருக்கும், தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரும், கொழுப்புக்கு ஏற்ற விலையும்தான். எதை அளப்போம், எப்படி அளப்போம், குறைந்தால் என்ன ஆகும் என்பது இரண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே தெரியும். டேட்டா ஒப்பந்தம் என்பதும் இவ்வளவுதான். இதை ஏதோ நேற்று மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். வானிலைக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் கொஞ்சம் பழக்கம், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் டெல்டாவில் ஒரு தாலுகாவின் முப்பது வருட மழைக் கணக்கு எனக்குத் தேவைப்பட்டது. ஓர் அலுவலகத்தில் எக்செல் கோப்பாகக் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டே வந்தால் ஓர் அக்டோபர் மாதம் முழுக்க சைபர். டெல்டாவில் அக்டோபரில் ஒரு சொட்டுகூட இல்லையென்றால் ஊரே பேசியிருக்குமே! நேரில் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்டேன். அந்த மாதத்துப் பக்கத்தில் எண்ணே இல்லை. ஓரத்தில் பென்சிலில் "மானி பழுது" என்று மட்டும் எழுதியிருந்தது. பல வருடம் கழித்துக் கணினியில் ஏற்றியவருக்கு முன்னால் இருந்தது எண் மட்டும் ஏற்கிற கட்டம். 'பழுது' என்று அடித்தால் வாங்காது. சைபர் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஆனாலும் கோப்பு பொய் சொன்னது.

'இல்லை' என்பது வேறு, 'தெரியவில்லை' என்பது வேறு. பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதி முட்டை வாங்கியவனையும், பரீட்சைக்கே வராதவனையும் வாத்தியார் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வராதவனுக்கு 'ஆப்சென்ட்' போடுகிறார். கணினிக் கோப்புகளில் அந்த நாகரிகம் பெரும்பாலும் கிடையாது. சிலர் தெரியாத இடத்தில் −999 என்று போடுவார்கள். அது தெரியாமல் சராசரி எடுத்தவருக்கு மைனஸ் மழை கிடைக்கும். அதுகூடப் பரவாயில்லை, முட்டாள்தனம் வெளியே தெரிந்துவிடும். சைபர் அப்படியில்லை. அது சாதுவாக உட்கார்ந்து சராசரியைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

வானிலை நிலையங்கள் உலகத்துக்கு அனுப்பும் 'சினாப்' என்ற குறியீட்டுச் செய்தி இந்தச் சிக்கலை அவிழ்த்திருக்கும் விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. தந்திக் காலத்துச் சிக்கனம். எல்லாமே ஐந்தைந்து இலக்கமாக வரும். மாதிரிக்கு நானே ஒன்றின் தொடக்கத்தை எழுதுகிறேன்:

02034 43279 32960

முதல் ஐந்து: மாதத்தின் 2ஆம் தேதி, உலக நேரம் 03 மணி. நம் கடிகாரத்தில் காலை 8.30. கடைசியில் ஒரு 4 தொங்குகிறதே, அது காற்று வேகத்தின் அலகு. 0 அல்லது 1 என்றால் நொடிக்கு இத்தனை மீட்டர். 3 அல்லது 4 என்றால் நாட், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல். ஒரே அலகுக்கு எதற்கு இரண்டு எண்? 1, 4 என்றால் கருவி அளந்தது. 0, 3 என்றால் மரம் ஆடுவதைப் பார்த்து மதிப்பிட்டது. காற்றின் வேகம் என்ன என்று சொல்வதற்கு முன்பே, எந்த அலகில் சொல்லப்போகிறேன், என் வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒற்றை இலக்கம் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது ஐந்து முகவரி. 43279 மீனம்பாக்கம். கொழும்பு 43466. தென்னிந்தியாவும் இலங்கையும் 43 என்ற வட்டாரத்தில் வருகின்றன.

மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. 32960இன் முதல் இலக்கம் 3. 'மழை அளவு தனியாகப் பின்னால் வராது, ஏனென்றால் மழை பெய்யவில்லை' என்று அர்த்தம். அதே இடத்தில் 4 இருந்தால், 42960 என்று வந்தால்? 'மழை அளவு பின்னால் வராது, ஏனென்றால் அளவு என்னிடம் இல்லை.' இரண்டு செய்தியிலும் மழைக் கட்டம் காலிதான். ஏன் காலி என்பதற்கு மட்டும் தனியாக ஓர் இலக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பென்சில் குறிப்புக்கு இங்கே முறையான நாற்காலி உண்டு.

ஒரு தடவை யோசித்ததோடு விடவில்லை. அடுத்த இலக்கம் 2. இடி, மூடுபனி, தூறல் போன்ற நிகழ்வுகளுக்கான கட்டத்தைப் பற்றியது அது. ஆள் இருக்கும் நிலையத்தில் 2 என்றால் 'சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.' 3 என்றால் 'கவனிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.' ஆளில்லாத தானியங்கி நிலையம் என்றால் அதற்கு வேறு எண்கள். மழை பெய்திருந்தால் பின்னால் வரும் மூன்று இலக்கத்தில் 001 என்பது ஒரு மில்லிமீட்டர், 991 என்பது 0.1 மில்லிமீட்டர். 990 என்று ஒன்று உண்டு: தூறல் விழுந்தது உண்மை, அளவுக் குவளையில் ஏறும் அளவுக்கு இல்லை. அதைச் சைபரோடு சேர்க்க அவர்களுக்கு மனசு வரவில்லை. எந்த இலக்கமும் தெரியாத இடத்தில் ஒரு சாய்கோடு. சாய்கோட்டைக் கூட்டவும் முடியாது, சராசரி எடுக்கவும் முடியாது. அதுதான் அதன் அழகு.

ஒப்பந்தத்தில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பகலும் இரவும் பெய்த மழையை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் தாம்பரத்தின் 49 சென்டிமீட்டரை அரசுக் கணக்கில் டிசம்பர் 2இல் தேட வேண்டும். நம் வானிலைத் துறையில் ஒரு நாள் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. இது தெரியாமல் செய்தித்தாளையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கணக்கை மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கொடுக்கிறவர் எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காலை 8.30க்குக் குவளையைக் கண்மட்டத்தில் பிடித்துப் படிப்பவருக்கு என்ன லாபம்? அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மௌரி இதற்குக் கொடுத்த பதில் எளிமையானது. காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் நான் சொல்கிற படிவத்தில் எழுதிக்கொடுங்கள், பல கப்பல்களின் குறிப்பைச் சேர்த்து நான் போடும் கடல் வரைபடம் உங்களுக்கு இலவசம் என்று கப்பல் தலைவர்களிடம் சொன்னார். அந்த வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் பயண நாள் குறைந்தது. அப்புறம் எழுதக் கசக்குமா? 1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாட்டுக்காரர்கள் கூடிக் கப்பல் குறிப்பேட்டுக்கு ஒரே படிவம் வகுத்தார்கள். 1873இல் வியன்னாவில் நிலத்து நிலையங்களுக்கும் பொதுவான முறைகளைப் பேசத் தொடங்கினார்கள். உங்கள் ஆபீஸில் டேட்டா கொடுக்கிற டீமுக்குத் திரும்பி என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

ஒப்பந்தம் இருந்தும் கவிழ்ந்த கதை ஒன்று உண்டு, பலருக்குத் தெரிந்ததுதான். செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த அன்றே தொலைந்துபோன நாசாவின் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23. அலகைக் குழப்பிவிட்டார்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். உண்மையில் அங்கே எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. விண்கலத்தின் சிறு எஞ்சின்கள் கொடுக்கும் உந்துகளின் அளவை நியூட்டன்-நொடியில் தர வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு-நொடியில் தந்தது. 4.45 மடங்கு வித்தியாசம். பயணத்தின் முதல் சில மாதங்கள் கோப்பின் வடிவமே சரியில்லை என்று அதைப் பயன்படுத்தவும் இல்லை. வடிவத்தைச் சரிசெய்தார்கள், கோப்பு ஒழுங்காகத் திறந்தது, உள்ளே இருந்த எண்ணை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கு மேல் 226 கிலோமீட்டரில் போக வேண்டியது சுமார் 57 கிலோமீட்டருக்கு இறங்கிப்போனது. எண் மட்டும் வந்தது, அலகு கூடவே வரவில்லை. சினாப்பின் அந்த ஒற்றை 4 போல ஒன்று இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். லாக்டோமீட்டர் இல்லாத சொசைட்டி அது.

மென்பொருளில் இப்போது செய்வதும் லாக்டோமீட்டர் வைக்கிற வேலைதான். கட்டத்தின் பெயர், எண்ணா எழுத்தா, ரூபாயா பைசாவா, காலியாக விடலாமா, எத்தனை மணிக்குள் வந்து சேரும், மாற்றுவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கெட்டுப்போனால் யாருக்குப் போன் அடிப்பது, இதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவிடுகிறார்கள். கொடுக்கிற டீம் நிரலை மாற்றும்போதே கணினி அந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும். ரூபாய் பைசாவாக மாறி மாதக் கடைசி அறிக்கையில் விற்பனை நூறு மடங்கு ஏறியபின் தலையில் கை வைப்பதற்குப் பதிலாக, மாற்றுகிறவர் கணினியிலேயே சிவப்பு விளக்கு எரியும். முக்கியம் என்னவென்றால், சோதனை வாங்குகிறவர் வீட்டில் அல்ல, கறக்கிற இடத்தில் நடக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். செயற்கைக்கோள் ஏவினால் நேரலை உண்டு, மாலை உண்டு. மழைமானியைப் பழுதுபார்க்கவும் பழைய பதிவேட்டைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றவும் பணம் கேட்டால், அதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். மானிக்கு ரிப்பன் வெட்ட யார் வருகிறார்கள்?

பஞ்சாங்கத்தையும் விடுவதற்கில்லை. இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை, கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். எந்த ஊர் நிலம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மரக்காலை எங்கே வைத்துப் பிடிப்பது? ஒன்றும் கிடையாது. மீறவே முடியாத வாக்குறுதி அது. வானிலைத் துறை தவறாகச் சொன்னால் உடனே கேலி செய்கிறோம் அல்லவா, கேலி செய்ய முடிகிற மாதிரி அவர்கள் சொல்கிறார்கள் என்பதால்தான் முடிகிறது.

சினாப்புக்கு இப்போது வயதாகிவிட்டது. அதன் இடத்துக்கு 'பஃபர்' என்ற இரும வடிவம் வந்துவிட்டது. மனிதக் கண்ணால் படிக்க முடியாது. ஆனால் பழைய சாய்கோட்டை அதிலும் கைவிடவில்லை. ஒரு மதிப்பு தெரியாவிட்டால் அதற்கான எல்லா பிட்டுகளையும், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கும் கட்டங்களையும், 1 ஆக்கிவிடுவார்கள். எட்டு பிட் இடம் என்றால் 11111111. அந்த எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. சைபரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூர் நண்பர் அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்: "மதிப்பு தெரியலைன்னா உங்க பக்கம் இருந்து என்ன அனுப்புறீங்க?" ஒருவர் சைபர் என்பார், ஒருவர் காலி என்பார், ஒருவர் −1 என்பார், நேற்றைய மதிப்பையே மறுபடி அனுப்பிவிடுகிறோம் என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார். அன்றைக்கு மீட்டிங் நேரத்துக்கு முடியாது, மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.