ரிப்பேரியன்: கரையோரமா, கரைச்சோலையா?

சால்மன் மீன் வாழும் ஓடைகளைப் பற்றி எங்கே படித்தாலும் ‘ரிப்பேரியன்’ என்ற சொல் வந்துவிடும். காவிரி வழக்கைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. நதிநீர்ச் சட்டத்தில் அது ஆற்றங்கரை உரிமையைக் குறிக்கும் சொல். அங்கே நாம் ‘கடைமடை மாநிலம்’ என்று எழுதிச் சமாளித்துவிட்டோம். சூழலியலில் பொருள் வேறு. ஓடையின் ஈரத்தை நம்பி மரமும் புதரும் வளர்கிற கரைப்பகுதிதான் ரிப்பேரியன் நிலம்.

லத்தீனில் ‘ரீபா’ என்றால் கரை. ஆங்கில ‘ரிவர்’ அதிலிருந்து வந்ததுதான். வந்துசேர்வதைச் சொல்லும் ‘அரைவ்’ என்ற சொல்லுக்கும் முதற்பொருள் கரையைத் தொடுவது. நாமும் ‘கரைசேர்ந்தான்’ என்கிறோமே!

சரி, கரைக்கும் சால்மனுக்கும் என்ன உறவு? தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் சால்மன் வளரும் ஓடைகளுக்கு 18 டிகிரி செல்சியசும், முட்டையிடும் காலத்துக்கு 13 டிகிரியும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. தினசரி உச்ச வெப்பத்தின் ஏழு நாள் சராசரி இதைத் தாண்டக் கூடாது. 2015 கோடையில் ஆரிகன் எல்லையில் ஓடும் கொலம்பியா ஆறு சூடேறியபோது, முட்டையிடப் போகும் வழியிலேயே ‘சாக்கை’ என்ற வகைச் சால்மன்கள் ஏறத்தாழ 2,50,000 மடிந்தன. படிக்கவே மனம் கனக்கிறது.

அதே ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் என்றொரு சின்ன ஓடை. ஊற்றுநீர் என்பதால் பிறக்கும்போதே குளிர்ச்சி. ஆனால் வெஸ்ட்மோர்லண்ட் பூங்காவில் கட்டியிருந்த வாத்துக்குளத்தில் அது தேங்கி, வெயிலில் காய்ந்து சூடாகியது. குளத்தை எடுத்துவிட்டு ஓடையை வளைந்தோட விட்டார்கள், கரையில் அந்த மண்ணின் மரங்களை நட்டார்கள். சால்மன் திரும்பி வந்தது. 2017இல் நகர நிர்வாகம் அந்த ஓடையைச் சால்மன் சரணாலயமாக அறிவித்தது. மரநிழல் தண்ணீரைக் குளிரவைப்பதில்லை. ஊற்று தந்த குளிர்ச்சியை வெயில் பறிக்காமல் காக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். ரிப்பேரியன் என்ற அடைமொழிக்குக் ‘கரையோர’ என்பதே போதும். அந்த மரவரிசையைச் சொல்லும் ‘ரிப்பேரியன் பஃபர்’தான் சிக்கல். ‘கரையோரக் காப்புக்காடு’ என்றால் வனத்துறையின் காப்புக்காடு நினைவுக்கு வரும். ‘தோப்பு’ என்றால் தென்னையும் மாவும். ‘கரைச்சோலை’ என்பதே என் தேர்வு. சோலை என்ற சொல்லிலேயே நிழலும் குளிர்ச்சியும் இருக்கின்றன. நீலகிரியில் ஓடைகளைப் பொத்திவைத்திருக்கும் காட்டுக்கும் அதுதான் பெயர்.

அப்புறம் ஒன்று. ‘ஆற்றங்கரை மரம்’ என்றால் நமக்கு நிலையாமை, என்றாவது விழும். கரைச்சோலையில் அப்படி விழும் மரமும் வீணல்ல. அது ஓடைக்குள் கிடந்து நீரோட்டத்தைத் திருப்பும். அந்த இடத்தில் அடிமண் அரித்து மடு உண்டாகும். கோடையில் சால்மன் குஞ்சுகள் ஒதுங்குவது அந்த மடுக்களில்தான்.