உடலியக்கம்: சொல் விளக்கம்

‘பிசிக்கல் ஆக்டிவிட்டி’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் பெரும்பாலும் ‘உடற்பயிற்சி’ என்றே எழுதிவிடுகிறோம். 1985இல் காஸ்பர்சன் உள்ளிட்ட மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த வரையறையே இத்தொடருக்கு இன்றும் வழங்குகிறது: எலும்புத் தசைகளால் உண்டாகி, ஆற்றலைச் செலவழிக்கும் எந்த உடலசைவும் அதில் அடங்கும். உடல்தகுதியைக் கூட்டும் நோக்குடன், திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் அவர்கள் ‘எக்சர்சைஸ்’ எனத் தனியே பிரித்தார்கள். ‘பயில்’ என்னும் வினையில் பிறந்த ‘பயிற்சி’ இந்தப் பின்னதற்கே பொருந்தும். தண்டால் எடுப்பது பயிற்சி. தண்ணீர்க் குடம் சுமப்பது பயிற்சியாகாது, ஆயினும் முதல் வரையறைக்குள் அது வந்துவிடுகிறது.

‘பிசிக்கல்’ என்பதன் வேர் இயற்கையைக் குறிக்கும் ‘பியூசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல். ‘ஆக்டிவிட்டி’யின் வேர் செய்தல், ஓட்டுதல் என்று பொருள்படும் ‘அகெரே’ என்னும் இலத்தீன் வினை.

வளரிளம் பருவச் சிறுவர்களைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது, பயிற்சிக்கும் மற்ற உடலசைவுகளுக்கும் உள்ள இந்த வேறுபாடு இன்றியமையாததாகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் சொந்தமாகக் காரும் தொலைக்காட்சியும் வைத்துக்கொள்ளாமல், பண்ணைத் தொழிலைச் சார்ந்து வாழும் பழமரபு ஆமிஷ் சமூகத்தின் பள்ளி வயது ஆண் பிள்ளைகளுக்கு நடையளவி கட்டிப் பார்த்தபோது, அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 17,000 அடிகளுக்கு மேல் நடந்தது 2007இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ‘உடற்பயிற்சி செய்வாயா?’ என்று கேட்டிருந்தால் அவர்களில் பலர் இல்லையென்றே சொல்லியிருக்கக்கூடும்.

நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலசைவு என்பது உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குப் பரிந்துரைத்துள்ள அளவு. 2016ஆம் ஆண்டுக்கான அதன் கணக்கீட்டில், 11 முதல் 17 வயதுவரை பள்ளி செல்லும் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினர், நாள்தோறும் குறைந்தது 60 நிமிடம் என்று அப்போது இருந்த அளவை எட்டவில்லை. பிலிப்பைன்ஸில் இது 93 விழுக்காடு, இந்தியாவில் 72, வங்கதேசத்தில் 63. இந்தியாவும் வங்கதேசமும் சற்று முன்னே நிற்பதற்குக் கிரிக்கெட் மீதான பற்று காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் இதில் எவ்வளவு பங்குண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழில் போட்டியிடும் மற்றச் சொற்களுள் ‘உடலுழைப்பு’ விளையாட்டை விட்டுவிடுகிறது. ‘உடற்செயற்பாடு’ சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தாலும், உடற்செயலியல் என்னும் துறைப்பெயருக்கு மிக அருகில் நிற்பதால் செரிமானத்தையும் இதயத்துடிப்பையும் நினைவூட்டுகிறது. ‘இயங்கு’ என்பதற்கு அசைதல், நடத்தல், செல்லுதல் என்னும் பொருள்கள் பழந்தமிழிலேயே உண்டு. வழியைக் குறிக்கும் ‘இயவு’ம் அதன் உறவுச் சொல்லே. ‘இயக்கம்’ என்றதும் அரசியல் அமைப்பும் திரைப்பட இயக்குநரும் நினைவுக்கு வருவது உண்மைதான், ஆனால் ‘உடல்’ முன்னே வந்ததும் அந்த மயக்கம் நீங்கிவிடுகிறது. நடை, ஓட்டம், சுமை தூக்கல், நடனம், கபடி ஆகிய அனைத்தையும் ஒருசேரத் தாங்கும் ‘உடலியக்கம்’ என்பதே தகுந்த சொல். உடலியக்கக் குறைவு, மிதமான உடலியக்கம், தீவிர உடலியக்கம் என அது எளிதாக விரியும்.

பதினான்கு வயதுச் சிறுவனிடம் கொடுக்கும் வினாத்தாளில் மட்டும் இச்சொல்லைத் தனியே விட்டுவிடக் கூடாது. பள்ளி மாணவர்களிடையே பல நாடுகளில் நடத்தப்படும் உலக சுகாதார நிறுவன ஆய்வின் வினாத்தாள், இதயத்துடிப்பைக் கூட்டி மூச்சு வாங்க வைக்கும் எந்தச் செயலும் கணக்கில் சேரும் என விளக்கிவிட்டு, அந்தந்த நாட்டுக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளை நிரப்பிக்கொள்ள இடம் விடுகிறது. தமிழில் அந்த இடத்தில் கபடியோடும் கிரிக்கெட்டோடும் சைக்கிளில் டியூஷனுக்குப் போவதும் வயலில் களை பறிப்பதும் இடம்பெற வேண்டும்.