கிருமி சிக்காத நீரிலும் காசநோய் தெரியும்

காசநோய் என்றதும் நினைவுக்கு வருவது சளிப் பரிசோதனைதான். ஆனால் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் நோய் தாக்கி நீர் கோத்துக்கொண்டால் சளியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி, வெளிர்மஞ்சள் நிற நீரை உறிஞ்சியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து 'கிருமி காணப்படவில்லை' என்று அறிக்கை வந்தால் காசநோய் இல்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு.

நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி கண்ணில் பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். உறை நீரில் அவ்வளவு இருப்பது அபூர்வம். நீர் கோப்பதற்குக் காரணம் கிருமிகள் பல்கிப் பெருகுவது மட்டுமல்ல. உள்ளே நுழைந்த சொற்பக் கிருமிகளின் புரதங்களைக் கண்டு உடலின் எதிர்ப்பாற்றல் கொதித்தெழுவதுதான் பெருமளவு காரணம். அதனால் நோய் உறுதியானவர்களிலும் பத்தில் ஒருவருக்குக்கூட இந்த நீரில் கிருமி நுண்ணோக்கியில் தென்படுவதில்லை.

கிருமி அகப்படாவிட்டால், அதை எதிர்த்து உடல் நடத்தும் போரின் தடயத்தைத் தேடலாம். அடினோசின் டிஅமினேஸ், சுருக்கமாக ஏ.டி.ஏ., என்ற நொதியை அளப்பது இதற்காகத்தான். காசநோய்க் கிருமியை எதிர்த்துத் தூண்டப்படும் வெள்ளணுக்கள், குறிப்பாக மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும், இந்த நொதியின் ஒரு வகையை ஏராளமாக வெளியிடுகின்றன.

அளக்கும் முறை அழகானது. நோயாளியின் நீரில் சில துளிகளை அடினோசின் கரைசலில் கலந்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் வைக்கிறார்கள். நொதி அடினோசினை இனோசினாக மாற்றும்போது அம்மோனியா பிரிந்து வருகிறது. பிறகு ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் சேர்த்தால் அந்த அம்மோனியா நீல நிறச் சேர்மமாகிறது. நீலம் எவ்வளவு அடர்த்தியோ, நொதி அவ்வளவு அதிகம். நிறத்தின் அடர்த்தியைக் கருவி எண்ணாக்கித் தருகிறது. சோதனைக் குழாயில் வேறெங்கிருந்தோ அம்மோனியா ஒட்டியிருந்தாலும் நீலம் கூடிவிடும் என்பதால், கண்ணாடிப் பாத்திரம் கழுவுபவரின் கைச்சுத்தமும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. இன்று பல ஆய்வகங்கள் தானியங்கிக் கருவிகளில் வேறு வேதிமுறைகளைப் பின்பற்றுகின்றன.

லிட்டருக்கு 40 அலகு என்பது பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. அதைத் தாண்டி, நீரில் லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளணுக்களும் மிகுந்திருந்தால் காசநோய் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. உறையில் சீழ் பிடித்தாலும், லிம்போமா என்னும் புற்றுநோயிலும், முடக்குவாதத்தால் நீர் சேர்ந்தாலும் ஏ.டி.ஏ. உயரக்கூடும். காசநோய் அரிதான இடங்களில் இந்தச் சோதனை வேறு விதத்தில் உதவுகிறது: அளவு குறைவாக இருந்தால் காசநோயைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்.

இரண்டு மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை இருக்கையில் இந்தச் சுற்றுவழி எதற்கு? ஜீன்எக்ஸ்பர்ட் 'உண்டு' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்றால் நம்ப முடியாது. நீரில் கிருமியே அரிதாக இருக்கும்போது அதன் மரபணு எங்கிருந்து கிடைக்கும்?

காசநோய் மூளையின் உறையைத் தாக்கும்போது சோதிக்கும் மூளைத் தண்டுவட நீரிலும் இதே சிக்கல்தான், ஆனால் அங்கே அவசரம் அதிகம். கிடைக்கும் நீரும் கொஞ்சம். அதைச் சுழற்றிப் படியவைத்து, அடியில் தங்கும் வண்டலைத்தான் சோதிக்க வேண்டும். எடுக்கும் அளவு கூடக்கூடக் கிருமி சிக்கும் வாய்ப்பும் கூடும்.

கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனைக்கும் நீரின் ஒரு பங்கை அனுப்பியே ஆக வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை ஏ.டி.ஏ. சொல்லாது; வளர்ந்த கிருமி சொல்லும். ஆனால் ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கிருமி இது. திரவ ஊடகத்தில்கூட 42 நாட்கள் காத்திருந்த பிறகுதான் 'வளரவில்லை' என்று ஆய்வகம் எழுதும். அதுவரை மருத்துவர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை. நீரின் அணுக்கணக்கு, ஏ.டி.ஏ., எக்ஸ்ரே, நோயாளியின் காய்ச்சலும் எடைக்குறைவும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருந்தைத் தொடங்கிவிடுகிறார்.