துண்டு விழும் வீட்டை விற்பது: ஏல அறிவிப்பு வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வீட்டுக்கடன் பாக்கி 24 லட்சம். வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர் 21 லட்சத்துக்கு மேல் ஒரு பைசா ஏற மாட்டேன் என்கிறார். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. "வித்தாலும் கடன் அடையாது, பேங்க்காரனே எடுத்துக்கிடட்டும்" என்ற பேச்சு வந்துவிடும்.

வங்கி வீட்டை எடுத்துக்கொள்வதால் கடன் தீர்ந்துவிடாது. ஏலத்தில் வந்த பணத்தில் ஏலச் செலவைக் கழித்து, மிச்சத்தைத்தான் கடனில் வரவு வைப்பார்கள். அதற்கும் மேல் நிற்கும் பாக்கிக்குக் கடன் வாங்கியவரும் ஜாமீன் போட்டவரும் பொறுப்பு. அந்தப் பாக்கி 20 லட்சத்துக்குக் குறைவு என்றால் உரிமையியல் நீதிமன்றத்திலும், அதற்கு மேல் என்றால் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலும் வங்கி வழக்குப் போடலாம். சும்மா இருக்கும் மாதங்களுக்கும் விலை உண்டு. 9 சதவீத வட்டி என்றால் 24 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 18,000 ரூபாய். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் 3 லட்சமாக இருந்த துண்டு 4 லட்சத்தைத் தாண்டிவிடும். தாமதக் கட்டணம் தனி.

நம் ராமநாதபுரம் கரையில் கடன் தடுமாறுவதற்கு ஒரு பருவமே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுப் பங்கை நம்பியிருக்கும் வீட்டில் ஏப்ரல் 5-ஆம் தேதித் தவணை தவறிவிட்டது என்று வையுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். அந்த 90 நாள் முடிவது ஜூலை 4. படகு கடலுக்குத் திரும்பி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் கணக்கு வாராக்கடனாகிவிடும். ஆன பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை கட்டிச் சரிசெய்ய முடியாது. நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். அதனால் வங்கிக்குப் போக வேண்டிய மாதம் மே. வருமானம் திரும்புவது உறுதி என்றால் தவணைக்காலத்தை நீட்டிக் கேளுங்கள். படகே இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கிறது, அல்லது வளைகுடா வேலை போயே போய்விட்டது என்றால் நீட்டிப்பு வட்டியைத்தான் வளர்க்கும். விற்பதென்று அப்போதே முடிவெடுப்பது நல்லது.

கணக்கு வாராக்கடனானதும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி (நீதிமன்றம் போகாமலே அடமான வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு வழிவிடும் சட்டம்) 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வரும். அது கைக்கு வந்த நாளிலிருந்து வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகை ஒப்பந்தம் போடவோ கூடாது. நோட்டீஸுக்கு நீங்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும். 60 நாள் முடிந்தபின் கதவில் சுவாதீன அறிவிப்பை (வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு) ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள். அதை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக 45 நாள் அவகாசம். பிறகு 30 நாள் ஏல நோட்டீஸ். ஏலம் நடக்கும் நாள் காலை வரை பணத்தைக் கட்டி மீட்டுவிடலாம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை ஏல அறிவிப்பு வெளியாவதோடு முடிந்துவிடுகிறது. நீங்களாக ஆள் பார்த்து விற்பதற்கான காலம், அதிகம் போனால், அதுவரைதான்.

விலைக்கு வருவோம். கடலோர வீட்டுக்கு விலை ஏன் ஏறவில்லை என்பதற்கு மதிப்பீட்டாளர் முதலில் பார்க்கும் இடம் சன்ஷேடின் அடிப்பக்கம். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட்டைத் தள்ளும், பூச்சு உப்பி, கம்பி போன வழியில் பழுப்புக்கோடு விழும். விரல் முட்டியால் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். இதன் மேல் வெள்ளை அடித்து மறைப்பது காசுக்குக் கேடு, அந்தச் சத்தத்தை எந்தச் சுண்ணாம்பும் மாற்றாது. உப்பிய பூச்சைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, புதிதாகப் பூசிவிட்டால் விலை பேசும்போது வாங்குபவர் கையில் ஒரு பிடி குறையும். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கை வைக்காதீர்கள், உள்ளபடியே காட்டி விலை பேசுங்கள்.

இன்னொரு சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அனுமதி இல்லாமல் எழுந்த வீடுகளுக்கு வாங்குபவரின் வங்கி கடன் தராது. நத்தம் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தாலும் அதே கதைதான். கடன் கிடைக்காத வீட்டுக்கு முழுப் பணத்தோடு வருபவர் மட்டுமே ஆள், அவர் குறைத்துத்தான் கேட்பார். வரைபட அனுமதி, பட்டா, வீட்டு வரி ரசீது மூன்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு விலை பேச உட்காருங்கள்.

விலை ஒருவழியாகத் திகைந்ததும் வங்கிக்குக் கடிதம். இதில்தான் முழு வேலையும் இருக்கிறது. முதலில் கிளையில், இன்ன தேதி வரை செல்லும் என்று குறிப்பிட்ட முடிப்புத்தொகையின் (கடனை முழுதாக அடைக்க ஆகும் தொகை) கணக்கையும், வங்கியில் இருக்கும் அசல் பத்திரங்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது, கணக்கில் சேர்த்திருந்தால் கேட்டு நீக்குங்கள். கடன் வாங்கும்போது ஒரே பிரீமியமாகக் காப்பீடு பிடித்திருந்தால், கடன் முடியும்போது பாலிசி விதிப்படி திரும்பக் கிடைக்கும் தொகையையும் கேளுங்கள், பலர் இதை மறந்தே போகிறார்கள்.

கடிதத்தில் வருமானம் எப்படிக் குறைந்தது என்பதற்குச் சான்று, மதிப்பீட்டு அறிக்கை, வாங்குபவர் ஒப்புக்கொண்ட விலை, அவர் பணம் தரும் தேதி, துண்டு விழும் தொகைக்கு உங்கள் ஏற்பாடு எல்லாம் இருக்க வேண்டும். வெறுமனே "தள்ளுபடி செய்து உதவவும்" என்று எழுதினால் கிளையைத் தாண்டிப் போகாது. தள்ளுபடியை முடிவு செய்வது பெரும்பாலும் மண்டல அலுவலகம். உங்கள் 21 லட்சத்தை, ஏலம் போட்டால் செலவும் காலமும் போக என்ன மிஞ்சும் என்பதோடு அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒப்பீட்டை நீங்களே கடிதத்தில் போட்டுக்காட்டுங்கள்.

துண்டு விழும் 3 லட்சத்துக்கு இரண்டு வழி. தள்ளுபடி கேட்டு ஒருமுறைத் தீர்வில் முடிப்பது ஒன்று. அப்படி முடித்தால் கடன் அறிக்கையில் (சிபில் போன்றவை தருவது) 'முடிந்தது' என்று வராமல் 'செட்டில்டு' என்று வரும், ஏழு ஆண்டு நிற்கும். அதே வங்கியில் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் கிடையாது, விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு. மற்றது, துண்டை நகையாலோ தனித் தவணையாலோ அடைத்துக் கணக்கை முழுதாக முடிப்பது. பிள்ளைக்குக் கல்விக்கடன், படகுக்குக் கடன் என்று அடுத்த வருடமே தேவை இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. எப்படியும் விற்கப்போகும் வீட்டுக்குத் தவணை கட்ட நகையை அடகு வைப்பதும், மீட்டர் வட்டிக்கு வாங்குவதும்தான் குடும்பத்தை இரட்டைக் குழியில் தள்ளுகிறது. அதே நகை துண்டை அடைக்கப் போனால் ஒரு கடனாவது முழுதாகத் தீரும்.

தள்ளுபடி வழியில் போனால், வங்கி தரும் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், மீதிக்கு இனி எந்த உரிமையும் கோர மாட்டோம் என்ற வரி. அந்த வரி ஜாமீன்தாரருக்கும் சேர்த்து இருக்க வேண்டும். தேதி ஒருநாள் தவறினாலும் தீர்வு ரத்தாகும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஆகவே வாங்குபவருக்குக் கடன் வர 45 நாள் ஆகும் என்றால் 30 நாள் கெடுவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அட்வான்ஸைக் கையில் வாங்காதீர்கள். வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு வருமான வரி அபராதம் வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, கைக்கு வந்த பணம் கைமாற்றுக்காரர்களுக்குப் போய்விடுவது. கிரைய ஒப்பந்தத்திலேயே பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகும் என்று எழுதி, வங்கியின் ஒப்புதலைக் குறிப்பிடுங்கள். பதிவு நாளில் வங்கி அலுவலர் அசல் பத்திரங்களோடு சார்பதிவாளர் அலுவலகம் வர, அடமானத்தை நீக்கும் ரசீது ஆவணம் முதலிலும் கிரையப் பத்திரம் அடுத்தும் பதிவாவது பாதுகாப்பான வரிசை. வாங்குபவருக்கு முத்திரை 7, பதிவு 2 என 9 சதவீதம் செலவு. விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்தால் வழிகாட்டி மதிப்பின் மேல்தான் கட்ட வேண்டும், விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

"கடனை நான் கட்டிக்கிடுறேன், பவர் மட்டும் எழுதிக் குடு" என்று வருபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை உங்கள் பெயரில் ஓடும், வாடகை அவருக்குப் போகும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பத்திரம் வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் இருக்கும். அவர் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வருமான வரிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால், விலை 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் வாங்குபவர் வரி பிடித்தாக வேண்டும். லாபமே இல்லாத விற்பனையில் விலையின் மேல் வரி பிடித்தால் துண்டு இரட்டிப்பாகிவிடும். வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கிவிட்டுத்தான் பதிவுத் தேதி குறிக்க வேண்டும்.

வாங்கிய விலைக்கும் கீழே விற்றிருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். மூலதன நட்டத்தை எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் செல்லலாம். கடன் முடிந்து 30 நாளுக்குள் மீதமுள்ள அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்றும் கடன் அறிக்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடமானப் பதிவு இன்னும் உயிரோடு இருந்தால் முடிப்புக் கடிதத்தின் நகலோடு கிளைக்கே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.