ஊரடங்கில் மனநலம்: காலையில் எழும் நேரத்திலிருந்து தொடங்குவோம்

கொரோனா ஊரடங்குக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தொலைபேசியில்தான் ஆலோசனை சொல்லி வந்தேன். ஒருவர் வேலை போய்விட்டது என்பார். இன்னொருவர் நாள் முழுக்க எல்லோரும் வீட்டிலேயே இருப்பதால் மூச்சு முட்டுகிறது என்பார். தனியாக இருப்பவர், காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பார். பிரச்சினைகள் வேறு வேறு. ஆனால் “நேற்று எப்போது தூங்கினீர்கள், இன்று எப்போது எழுந்தீர்கள்?” என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். விடியும் நேரத்தில் தூக்கம், உச்சி வேளையில் விழிப்பு. “டாக்டர், நாள் போவதே தெரியவில்லை. ஆனால் ஒரு நாளும் முடியவும் மாட்டேன் என்கிறது” என்றார் ஒருவர்.

வெளியே போய்க்கொண்டிருந்தபோது வேலையோ படிப்போ நம்மை ஒரு நேரத்துக்கு எழுப்பிவிட்டது. ஊரடங்கில் எழுப்ப ஆளில்லாமல் போனது. நம் மூளையில் உடலின் கடிகாரமாக வேலை செய்யும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திரைச்சீலையை மூடிவிட்டு மதியம் வரை படுத்திருந்தால் தூக்கம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போகும். தூக்கம் கெட்டவருக்குச் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். பகலில் சமாளித்துவிடக்கூடிய கவலைகூட இரவு இரண்டு மணிக்குப் பூதாகரமாகத் தெரியும்.

அதனால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, எழும் நேரத்தை நிலையாக்குங்கள் என்பதைத்தான். தூங்கும் நேரத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். தூக்கத்தை வா என்று கூப்பிட்டால் வராது, எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது. இரவு எவ்வளவு தாமதமானாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, ஜன்னலோரத்திலோ மொட்டைமாடியிலோ அரைமணி நேரம் வெளிச்சத்தில் இருங்கள். பகல் தூக்கம் அரைமணியைத் தாண்ட வேண்டாம். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் அப்படியே இருக்கும். முதல் சில நாட்கள் பகலில் தூக்கம் சொக்கும். பொறுத்துக்கொண்டால் இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகரும்.

அடுத்தது, “மனசு சரியானதும் செய்கிறேன்” என்று வேலைகளைத் தள்ளிப்போடுவது. மனச்சோர்வில் இருப்பவர் இப்படித்தான் நினைப்பார், அது இயல்பு. ஆனால் சிகிச்சையில் நாங்கள் தலைகீழாகச் செய்யச் சொல்வோம். முதலில் சின்னதாக ஒரு வேலை, மனசு அப்புறம் பின்னால் வரும். ஒரே அறையில் தங்கிக் கட்டிலிலேயே மடிக்கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம், வேலைக்குத் தனி இடம் ஒதுக்குங்கள் என்று சொல்ல வழியில்லை. அவரே ஒன்று கண்டுபிடித்தார். வேலை நேரத்தில் நாற்காலி சுவரைப் பார்த்திருக்கும். வேலை முடிந்ததும் மடிக்கணினியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவார். அவருடைய மாலை நேரம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

தனிமைப்படுத்தப்பட்டவர்களின் மனநிலை குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நோய் பயம், சலிப்பு, பண இழப்பு ஆகியவற்றோடு, போதிய தகவல் கிடைக்காததும் மனதைப் பாதிக்கிறது என்று அது சொல்கிறது. எனவே செய்தியே பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நம்பகமான ஒரே இடத்தில் பாருங்கள். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள்.

பணக் கவலையில் இருப்பவரிடம் “பாசிட்டிவாக யோசியுங்கள்” என்று சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அவருடைய கவலை உண்மையானது. தினமும் மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொல்வேன். இந்த வாரம் செய்ய முடிந்ததைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் அதே கவலை வந்தால், நாளை மாலை பார்ப்போம் என்று தள்ளிவைக்க ஓரளவு முடிகிறது.

இரண்டு பேரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மனநல மாத்திரை எடுப்பவர்கள், தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது. ஒரு வாரம் முன்பே மருத்துவரை அழையுங்கள். அடுத்து, தினமும் அதிகமாகக் குடித்துப் பழகி, கிடைக்காததால் சட்டென்று நிறுத்தியவர்கள். சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். “அடங்கிக் கிடக்கட்டும்” என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். நடுக்கம் தெரிந்ததுமே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

வருத்தமோ எதிலும் ஈடுபாடின்மையோ இரண்டு வாரங்களாக ஏறக்குறைய தினமும் இருந்தால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டில் ஒருவர் “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்ற மாதிரிப் பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆளிருக்கிறது என்பதே பலருக்குப் பாரத்தைக் குறைக்கும். ஆம் என்று சொன்னால் புத்தி சொல்லத் தொடங்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். அவரைத் தனியாக விடாமல், பக்கத்தில் இருந்தபடியே உதவி எண்ணையோ மருத்துவரையோ அழையுங்கள்.