ஓடுகிற டிரைவரில் கை வைக்காதீர்கள்

போன வாரம், இரவு எட்டரை மணி. கடையை மூடப் போகும் நேரத்தில், கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஆட்டோவில் சிபியுவையும் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். "தம்பி, நெட்டும் வரல, சத்தமும் வரல, பிரிண்டும் வரல. நாளைக்குப் பிள்ளைங்க ஹால் டிக்கெட் எடுக்க வந்து நிப்பாங்க" என்றார். குரல் கம்மியிருந்தது.

உட்காரவைத்து, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டியிருக்கிறது. பிரிண்டர் பெயரோடு டிரைவர் என்று சேர்த்துப் போட்டு இணையத்தில் தேடியிருக்கிறார். (டிரைவர் என்றால், ஒரு சாதனத்தோடு விண்டோஸ் பேச உதவும் சிறு மென்பொருள்.) மேலே முதலில் வந்தது விளம்பரம். கம்பெனியின் லோகோவைப் போலவே ஒரு பக்கம். மாடல் எண்ணைக் கொடுத்ததும் ஒரு பச்சைப் பட்டை பாதி வரை ஓடி நின்றிருக்கிறது. 'டிரைவரை நிறுவ முடியவில்லை, இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்திருக்கிறது. அழைத்தார். எடுத்த ஆள் தன்மையாகப் பேசி, தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்கவிடும் ரிமோட் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, சிஸ்டத்துக்குள் வந்து, '27 டிரைவர்கள் பழையதாகிவிட்டன' என்று சிவப்பில் ஒரு பட்டியலைக் காட்டியிருக்கிறான். ஒரு வருடச் சந்தா என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டான். ரீஸ்டார்ட் ஆனதும் லேன் (நெட் கேபிள் இணைப்பு) போச்சு, சவுண்டு போச்சு. பிரிண்டர் மட்டும் காலையில் இருந்த மாதிரியே ஆஃப்லைன்.

இந்த மாதத்தில் இப்படி என் மேசைக்கு வந்த மூன்றாவது சிஸ்டம் இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உண்மையில் அந்தப் பிரிண்டரில் என்ன கோளாறு தெரியுமா? முந்தின நாள் மாலை கடையைப் பெருக்கும்போது யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, திரும்ப வேறொரு போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். பல பிரிண்டர்களுக்கு போர்ட் மாறினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று எடுத்துக்கொண்டு, அதே பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கிவிடும். டீஃபால்ட்டாக இருப்பது பழையது, அது ஆஃப்லைன். பிரிண்ட் கொடுத்ததெல்லாம் அங்கே போய் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கேபிளைப் பழைய போர்ட்டில் செருகினேன், பிரிண்ட் வந்தது. இரண்டு நிமிட வேலை. டிரைவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்தச் சந்தா ஆள் கெடுத்துவைத்ததைச் சரிசெய்யத்தான் இரவு பதினொரு மணி ஆனது.

சரி, இப்போது அந்த 27 டிரைவர் கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இதில்தான். படித்தவர்கள், ஆபீஸில் கம்ப்யூட்டரோடு பதினைந்து வருடம் இருந்தவர்கள்கூட, "டிரைவர் எல்லாம் பழசா இருக்குன்னு காட்டுது, அப்டேட் பண்ணா ஸ்பீடு ஆகும்ல?" என்று கேட்கிறார்கள். ஆகாது. ஒரு டிரைவரின் தேதி பழையது என்பதற்கும் அது கெட்டுவிட்டது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. டிரைவர் பாலோ தயிரோ இல்லை, நாள்பட்டால் புளிப்பதற்கு.

நீங்களே பாருங்கள். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கீபோர்டு, மவுஸ், ஹார்டு டிஸ்க் என்று ஏதாவது ஒன்றின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போங்கள். பெரும்பாலும் 2006 ஜூன் 21 என்று தேதி இருக்கும். போன மாதம் வாங்கிய லேப்டாப்பிலும் இருக்கும். அந்த டிரைவர் 2006-இல் எழுதப்பட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸோடு வருகிற பொதுவான டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே பழைய தேதியைப் போட்டுவைக்கிறது. ஒரே சாதனத்துக்குப் பொருத்தமான இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் தேதியைப் பார்க்கும். சாதனத்தைத் தயாரித்த கம்பெனியின் டிரைவர் இருந்தால் அதுவே ஜெயிக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. இன்டெல் சிப்செட்டுக்கு (மதர்போர்டின் முக்கியச் சிப்கள்) போடும் ஐஎன்எஃப் என்ற டிரைவர் விவரக் கோப்புகளில் இன்னும் பழைய தேதி, 1968 ஜூலை 18. இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள் அது. அந்தக் கோப்பு, அதைவிடப் பொருத்தமான டிரைவரின் மேல் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

இதெல்லாம் அப்டேட்டர் மென்பொருள் விற்பவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் 'மிகப் பழையது, ஆபத்து' என்று சிவப்பில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பயந்து பணம் கட்டுவது நீங்கள். டிரைவருக்கு விலையே கிடையாது. பிரிண்டர், லேப்டாப், மதர்போர்டு என எதைத் தயாரித்த கம்பெனியும் டிரைவரைத் தன் இணையதளத்தில் இலவசமாகத்தான் வைக்கிறது. டிரைவருக்கு யாராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. டிரைவர் மற்ற மென்பொருள் மாதிரி இல்லை. வேர்டு நின்றுபோனால் வேர்டு மட்டும்தான் நிற்கும். டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடுபவை. அங்கே ஒன்று இடறினால் மொத்த சிஸ்டமும் நீலத்திரையில் விழும். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் கம்ப்யூட்டர்கள் வரிசையாக நீலமானது நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், அப்டேட்டாக வந்த தவறான ஒரு கோப்பைப் படித்ததுதான் காரணம். சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படியென்றால், எங்கிருந்தோ இறக்கிய ஒரு டிரைவரை யோசிக்காமல் உள்ளே விடலாமா?

அப்படியானால் அப்டேட்டே செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம், காரணம் இருந்தால். புது கேமுக்கோ வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கோ கிராஃபிக்ஸ் டிரைவர் போதவில்லை என்றால், உங்களுக்கு இருக்கும் அதே கோளாறைச் சரிசெய்திருப்பதாகவோ பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருப்பதாகவோ தயாரிப்பாளர் சொல்லியிருந்தால், விண்டோஸே மாறியிருந்தால் செய்யுங்கள். எங்கள் கடையில் விண்டோஸ் போட்டு முடித்து, எல்லாம் ஓடி, டிவைஸ் மேனேஜரில் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மேல் நாங்கள் தொடுவதில்லை.

மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை டபுள் கிளிக் செய்து, அங்கே காட்டும் பிழைக் குறியீட்டு எண்ணை (Code) படியுங்கள். எல்லோரும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 28 என்றால் டிரைவரே இல்லை, போட வேண்டும். 22 என்றால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் போதும். 43 என்றால் சாதனமே கோளாறு என்று சொல்லியதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும்.

10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. இதில் ஒரு அனுபவம். அரிசி ஆலைக்காரர் ஒருவர் எடைமேடையைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி டு சீரியல் கேபிளோடு வந்தார். விண்டோஸ் மாற்றிய பிறகு எடை திரையில் ஏறவில்லை. அவர் மகன் நான்கு விதமான டிரைவர்களைப் போட்டுப் பார்த்திருந்தான். பிரச்சினை கேபிளில். உள்ளே இருந்தது போலிச் சிப். பழைய டிரைவர் அதைக் கண்டுகொள்ளாமல் வேலை செய்தது. அசல் சிப்பின் கம்பெனி வெளியிட்ட புது டிரைவர், போலியைக் கண்டுபிடித்து ஓட மறுக்கிறது. நல்ல கேபிள் ஒன்று மாற்றினோம். லோடு லாரி வெளியே நிற்கும்போதே எடை வந்துவிட்டது. கேபிள் வாங்கும்போது நூறு ரூபாய் மிச்சம் பார்க்காதீர்கள், அண்ணாச்சி.

லேப்டாப்புக்கு விண்டோஸ் போடும்போது 'டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால், உடனே எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் சேமிப்பகம்) செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இன்டெல் 11-வது தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இருக்கிறது; அதன் டிரைவர் இல்லாமல் எஸ்எஸ்டி கண்ணில் படாது. அந்த டிரைவரைப் பென் டிரைவில் வைத்து, அதே திரையில் 'லோடு டிரைவர்' கொடுத்தால் எஸ்எஸ்டி வந்து நிற்கும். நல்ல எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக வாங்கிப் போட்ட ஒரு மாணவி என்னிடம் வந்தாள். புதியதும் தெரியவில்லை என்று அழுதாள். அதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

சரியான டிரைவரை எங்கே எடுப்பது? தேடுபொறியில் தேடவே வேண்டாம். கம்பெனியின் முகவரியை நீங்களே டைப் செய்து, சப்போர்ட் பகுதிக்குப் போங்கள். லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கரில் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண் இருக்கும். அதைக் கொடுத்தால் உங்கள் மெஷினுக்கு உரியது மட்டும் வரும். அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால் மதர்போர்டின் மாடல். என்ன சாதனம் என்றே தெரியாமல் 'அன்னோன் டிவைஸ்' என்று இருந்தால், டீட்டெயில்ஸ் பகுதியில் 'ஹார்டுவேர் ஐடி' பாருங்கள். VEN என்பதற்குப் பிறகு வருவது தயாரித்த கம்பெனியின் எண்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10DE என்றால் என்விடியா, 10EC என்றால் ரியல்டெக். நாங்கள் கடையில் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் நிறையப் பேர் 11-க்கு மாறுகிறீர்கள். மாறும் முன் உங்கள் பழைய ஸ்கேனருக்கும் கைரேகைக் கருவிக்கும் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள கருவியை அதில் ஓட்ட முடியாது. மாறிவிட்டு வந்து எங்களிடம் சண்டை போடாதீர்கள்.

ஃபார்மட் அடிக்கும் முன் லேன் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மறந்துவிட்டீர்களா, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் நெட் வந்துவிடும், மற்றதை இறக்கிக்கொள்ளலாம். புது டிரைவர் போடும் முன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை வையுங்கள். போட்டபின் கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரின் அதே டிரைவர் பகுதியில் 'ரோல் பேக்' கொடுத்தால் முந்தைய டிரைவர் திரும்ப வரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம், அப்போது கைக்கு வந்ததையெல்லாம் அழுத்தாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு டிரைவர் மட்டும் மாற்றுங்கள். ரிமோட் ஆப்பை, நீங்களாகத் தேடிப் பிடித்த எந்த எண்ணுக்கும் திறந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால், தயவுசெய்து முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது வைஃபையை அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்; சைபர் குற்றங்களுக்கான அரசு உதவி எண் அது. அப்புறம் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் அல்ல, வேறொன்றில் மாற்றுங்கள். ஜெராக்ஸ் கடை அக்கா காலையில் ஏமாந்தது தெரிந்தும், வீட்டில் திட்டுவார்கள் என்று இரவு வரை யாரிடமும் சொல்லவில்லை. என் கடையில் உட்கார்ந்துதான் 1930-க்கு அழைத்தார். அத்தனை மணி நேரம் தாமதிக்காதீர்கள் அக்கா, முதல் அரை மணியிலேயே அழையுங்கள்.