கல்யாண போட்டோவுக்காக முகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் போட்டோ போகிறது. அதை ஸ்டுடியோவில் வெளுப்பாக்கி, தழும்பை அழித்து, தாடையைக் கொஞ்சம் ஒடுக்கித்தான் அனுப்புகிறார்கள். இப்போது போனிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் வீட்டில் பயம் பிடித்துக்கொள்கிறது, நேரில் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களிலிருந்து தோல் மருத்துவரான என்னிடம் வருகிற இளம்பெண்கள் நிறையப் பேருக்கு முகப் பிரச்சினை தொடங்கியது இந்தப் பயத்தில்தான். இல்லாத ஒரு முகத்துக்கு ஈடு கொடுக்கப் பார்த்து, இருக்கிற முகத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

விளம்பரத்தில் வருகிற பெண்ணுக்கே அந்த முகம் கிடையாது. விளக்கு, மேக்கப், அதற்கு மேல் கம்ப்யூட்டர் திருத்தம் எல்லாம் சேர்ந்து செய்த படம் அது. உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017-இல் கட்டாயமாக்கியது. நார்வேயில் 2022 முதல் தோலைத் திருத்தியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பு, கருப்பாக இருப்பவர்களைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று 2014-இல் விதி வகுத்தது. 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ஆனாலும் நகைக்கடை, பட்டுப்புடவை விளம்பரங்களில் நம் ஊர் நிறத்தை இன்னும் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். எனக்கு இதில் கோபம் உண்டு.

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களின் எண்ணிக்கை எந்த நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும் பரவலும்தான் மாறுகின்றன. புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாக்காமல் பெருமளவு தடுப்பது அந்த மெலனின்தான். நம் கடற்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, மணலும் தண்ணீரும் அதைத் திருப்பி அடிக்கின்றன. அந்த வெயிலில்தான் பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அப்படிப் பாசி எடுத்து மகளைப் படிக்க வைக்கிற அம்மாவே, அந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "என்னைய மாதிரி இவளும் கருத்துப் போயிடக் கூடாது டாக்டர்" என்கிறார். எனக்கு மிகவும் வலிப்பது அந்த வார்த்தைதான். வீட்டையே தாங்குகிற தன் உடம்பை அவர் தப்பான உதாரணமாகக் காட்டுகிறார்.

சரி, க்ரீமுக்கு வருவோம். தோழி சொன்னாள், பார்லரில் கொடுத்தார்கள் என்று பூசுகிற டியூபில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அது மருந்து, அழகு சாதனம் அல்ல. மோமெட்டசோனுடன் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினோயினும் கலந்த க்ரீமை மங்குக்கு நாங்களே எழுதுவதுண்டு, சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடு. ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு விதியை இறுக்கியது. இருந்தும் கைக்குக் கை மாறி வந்துவிடுகிறது.

முதல் சில வாரங்கள் முகம் வெளுத்துப் பளபளக்கும். ஏமாற்றுவதே அந்தப் பளபளப்புதான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் சிவந்து இன்னும் மோசமாகும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இப்படியே வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அன்போடு வாங்கி வரும் க்ரீம்களிலும் கவனம் வேண்டும். என்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது என்ற விவரமே இல்லாத சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும், தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலர் பூசியது இந்த மாதிரி வெளுப்பு க்ரீம்களைத்தான். அப்படிப்பட்ட க்ரீம் போடுகிறவர்களுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

வெயிலில் வேலை என்றால் முழுக்கைச் சட்டை, தொப்பி, முடிந்தால் சன்ஸ்க்ரீன். அது தோலைக் காப்பாற்ற, வெளுக்க அல்ல.

ஸ்டீராய்டு க்ரீமை ஏற்கெனவே நீண்ட நாள் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். எப்படிக் குறைப்பது, அந்த இடத்தில் எதைக் கொடுப்பது என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். தேற மாதங்கள் ஆகலாம். முதல் வாரங்களில் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும்போது, "அந்த க்ரீமே தேவலை" என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். கல்யாணத் தேதி குறித்திருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப மருந்தைத் திட்டமிடுவோம்.